கூலிக் கணக்கு மேக்ரோ பழைய தொகையையே அச்சிடவைத்தது குறித்த புகார்

அனுப்புநர்:
கணக்கர்,
கூலித்தறி ஜவுளி உற்பத்தி நிலையம்,
சோமனூர், கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: எக்செல் கோப்பில் ஃபார்முலா எழுதும் மேக்ரோவின் பிழையால் 18 தறிக்கூடங்களுக்குக் கூலி குறைந்தது, பிழையைத் திருத்தித் தரவும் எழுத்து மூலம் விளக்கம் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கூலித்தறிக் கணக்குக்காகத் தங்கள் நிறுவனம் தயாரித்துக் கொடுத்த எக்செல் கோப்பை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். அதிலுள்ள மேக்ரோ, அதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் பல வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல், கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை செய்த குளறுபடியைப் பற்றித் தங்கள் உதவிப் பிரிவிடம் மூன்று முறை தொலைபேசியில் சொன்னேன். மூன்று முறையும் தவறு என் கையில்தான் என்ற பதிலே கிடைத்தது. ஆகவே, நடந்தது என்ன, எதனால் நடந்தது என்பதை நானே சோதித்துப் பார்த்து எழுதுகிறேன்.

நெசவுத் தொழில் அறியாதவரும் இதைப் படிக்க நேரலாம் என்பதால் கணக்கின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பாவும் (நீளவாக்கு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) நாங்கள் கொடுக்கிறோம். தறிக்காரர்கள் நெய்து துணியாகத் திருப்பித் தருகிறார்கள். ஓர் அங்குலத் துணியில் எத்தனை ஊடை இழை என்பதே பிக். மீட்டரைப் பிக்கால் பெருக்கி, அதை ஒரு பிக்குக்கான பைசாவால் பெருக்கினால் கூலி வந்துவிடும். எங்களிடம் 19 தறிக்கூடங்கள் இருக்கின்றன. கூடத்துக்கு ஒரு ஷீட். ‘கூலி போடு’ என்ற பொத்தானை அழுத்தினால் தங்கள் மேக்ரோ ஒவ்வொரு ஷீட்டாகப் பார்த்து, அந்த வாரத்துத் துணி வரவைக் கூட்டும் ஃபார்முலாவையும் கூலிக்கான ஃபார்முலாவையும் ‘பட்டுவாடா’ ஷீட்டில் தானாக எழுதிவைக்க வேண்டும். பைசா விலை ஒரே ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது. அதை மாற்றினால் எல்லாருடைய கூலியும் மாறிவிடும் என்று, கோப்பை விற்க வந்த அன்று தாங்கள் செய்துகாட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் முதலாளி அதைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கச் சம்மதித்தார்.

இங்கே அரை பைசா என்பது சிறிய விஷயம் இல்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கூலித்தறிகள் கூலி உயர்வுக்காக வாரக்கணக்கில் ஓடாமல் நின்றதைத் தாங்களும் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். கூலி விஷயத்தில் சொன்ன சொல்லுக்கும் கொடுத்த காசுக்கும் வித்தியாசம் வந்தால், அதைக் கணக்குப் பிழை என்று இந்த ஊரில் எவரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை வழக்கம்போல் பொத்தானை அழுத்தினேன். 18 கூடங்களுக்குக் கணக்கு விழுந்தது. கடைசி ஷீட்டுக்கு வந்தபோது ‘ரன்-டைம் எரர் 1004’ என்ற பெட்டி தோன்றி மேக்ரோ நின்றது. மேக்ரோ கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருப்பதால் அந்தப் பெட்டியில் பிழை எந்த வரியில் என்று காட்டும் ‘டீபக்’ பொத்தான் மங்கிக் கிடந்தது. ‘எண்ட்’ ஒன்றைத்தான் அழுத்த முடிந்தது. அப்போதே தங்கள் உதவிப் பிரிவை அழைத்தேன். “எண்ட் கொடுத்துவிட்டு, விட்டுப்போன ஒன்றை மட்டும் கையால் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கும்” என்றார்கள். கோப்பைச் சேமித்துக் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை, பிக்குக்கு 6.5 பைசாவாக இருந்த கூலியை 7 பைசாவாக ஏற்றித் தருவதாக முதலாளி தறிக்காரர்களிடம் சொல்லிவிட்டு வந்தார். நான் விலைக் கட்டத்தில் 7 என்று மாற்றினேன். விட்டுப்போன கூடத்துக்கு ஃபார்முலாவைக் கையால் போட்டேன். 19 கூலிச் சீட்டுகளையும் அச்செடுத்தேன். மதியத்துக்குள் பட்டுவாடா முடிந்தது. அதன் பிறகுதான் கோப்பைச் சேமித்தேன்.

மாலையில் மூத்த தறிக்காரர் ஒருவர் சீட்டையும் தம் கைக்குறிப்பேட்டையும் மேசைமேல் வைத்து, “அம்மிணி, காசு ஏறிப்போச்சுன்னு மொதலாளி சொன்னாருங்க, சீட்டுல பழைய காசே நிக்குதுங்களே” என்றார். அவருடைய துணி 1,150 மீட்டர், 52 பிக். 7 பைசாவுக்கு 4,186 ரூபாய் வர வேண்டும். சீட்டில் 3,887 என்று இருந்தது. அவர் எதிரிலேயே கோப்பைத் திறந்தேன். திரையில் 4,186 என்று இருந்தது. சீட்டு ஒன்று சொல்ல, கோப்பு வேறொன்று சொன்னது. 18 கூடங்களுக்கும் இதே கதை. மொத்தம் 28,600 மீட்டருக்கு 7,436 ரூபாய் குறைவாகப் போயிருந்தது. நான் கையால் ஃபார்முலா போட்ட அந்த ஒரு கூடத்துக்கு மட்டும் சீட்டிலும் புது விலைப்படியே கூலி இருந்தது.

அந்த ஒரு சீட்டுதான் வினையாயிற்று. ஒருவருக்கு மட்டும் ஏறிய கூலி, மற்றவர்களுக்குப் பழைய கூலி என்றால் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. தங்கள் உதவிப் பிரிவும், கோப்பில் எல்லாம் சரியாக இருப்பதால் அச்செடுத்த பிறகு நான் விலையை மாற்றியிருப்பேன் என்று சொன்னது. 11 ஆண்டுகளாக இந்த மேசையில் கணக்கு எழுதுகிறேன். குறைந்த தொகையைத் திங்கட்கிழமையே கொடுத்து முடித்துவிட்டோம். ஆனால் முதலாளி ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

பிறகு கோப்பின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சோதித்துப் பார்த்தேன். மேக்ரோ நின்ற அந்தக் கடைசி ஷீட், தறிக்காரர் ஒருவர் போட்ட இரண்டாவது கூடத்துக்காக, அவருடைய முதல் கூடத்தின் ஷீட்டை நகலெடுத்து உண்டாக்கியது. அப்படி நகலெடுத்தால் எக்செல் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 2 என்று தானாகவே சேர்த்துவிடும். நான் கையால் ஃபார்முலா போட்டபோது, அந்தப் பெயரின் இருபுறமும் எக்செல் ஒற்றை மேற்கோள் குறி போட்டுக்கொண்டது. தங்கள் மேக்ரோ அந்தக் குறிகள் இல்லாமல் பெயரை அப்படியே ஃபார்முலாவில் ஒட்டுகிறது என்று கருதுகிறேன். ஏனெனில் அடைப்புக்குறியை எடுத்துவிட்டுப் பெயரை ஒரே சொல்லாக மாற்றியதும் மேக்ரோ தடையின்றி ஓடியது, அடைப்புக்குறியைத் திரும்பப் போட்டதும் மறுபடியும் 1004.

அது சிறிய பிழை. யார் எழுதினாலும் வரக்கூடியது. பெரிய பிழை வேறு இடத்தில் இருக்கிறது. மேக்ரோ நன்றாக ஓடி முடிந்த பிறகு ‘ஃபார்முலாஸ்’ பட்டையில் ‘கால்குலேஷன் ஆப்ஷன்ஸ்’ திறந்து பார்த்தால் ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்கிறது. 1004 வந்து நின்ற பிறகு பார்த்தால் ‘மேனுவல்’ என்று, அதாவது நாம் சொன்னால்தான் மறுபடி கணக்கிடும் நிலையில், இருக்கிறது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அப்படியே. வேகத்துக்காகத் தொடக்கத்தில் கணக்கிடுதலை நிறுத்திவைத்து, முடிவில் திரும்ப இயக்குவது மேக்ரோ எழுதுவோரின் வழக்கம்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நடுவில் நின்றுபோனால் அந்த முடிவு வரிக்கு மேக்ரோ போய்ச் சேரவே வழி வைக்காததுதான் இங்கே குறை.

இதன் பின் நடந்ததெல்லாம் விளங்குகிறது. வெள்ளிக்கிழமை சேமித்தபோது அந்த ‘மேனுவல்’ நிலையும் கோப்போடு சேர்ந்து பதிவாகி, சனிக்கிழமை அதையே முதல் கோப்பாகத் திறந்தபோது திரும்பி வந்தது. விலையை 7 ஆக்கியபோது பழைய 18 ஃபார்முலாக்களும் அசையவில்லை. அப்போது புதிதாகக் கையால் போட்ட ஃபார்முலா மட்டும் போட்ட உடனே கணக்கிட்டுக்கொண்டது. மேனுவல் நிலையிலும் சேமிக்கும் முன் எக்செல் ஒரு முறை எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடும் என்பதால், பட்டுவாடா முடிந்து நான் சேமித்த நொடியில் எல்லாத் தொகையும் சரியாகிவிட்டது. தவறு நடந்ததற்கான தடயத்தை என் கையாலேயே அழித்திருக்கிறேன்! கீழே நிலைப்பட்டையில் ‘கால்குலேட்’ என்ற ஒற்றைச் சொல் அன்று காலை இருந்திருக்க வேண்டும்; இன்னும் கணக்கிடாதது பாக்கி இருக்கிறது என்பதே அதன் பொருள் என்று எனக்கு அப்போது தெரியாது. எல்லாவற்றையும் கணக்கிடவைக்கும் எஃப்9 விசையை அழுத்திவிட்டு அச்செடுத்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அதை வெள்ளிக்கிழமை தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டியவர்கள் தங்கள் ஆட்கள்.

இன்னொரு குறையையும் சேர்த்துச் சொல்கிறேன். பாவு மாறும் இடத்தில் ஒரு வரியைக் காலியாக விடுவது எங்கள் வழக்கம். மேக்ரோ மேலிருந்து கீழே போய், முதல் காலி வரியோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள துணி வரவு கூட்டலில் சேர்வதில்லை. இதை முதல் ஆண்டிலேயே கண்டுபிடித்து, காலி வரியில் ஒரு புள்ளி வைத்துச் சமாளித்து வருகிறோம். ஷீட்டின் அடியிலிருந்து மேலே வந்து கடைசி வரியைக் கண்டுபிடித்தால் இந்தத் தொல்லை இல்லை. மேக்ரோ ஓடிய பிறகு ‘அண்டூ’ வேலை செய்யாது என்பதால், இத்தகைய பிழைகளைப் பின்னால் போய்த் திருத்தவும் முடிவதில்லை.

ஆகவே, மேக்ரோ எந்த இடத்தில் நின்றாலும் கணக்கிடும் முறை தானாக ‘ஆட்டோமேட்டிக்’ நிலைக்குத் திரும்பும்படியும், நின்ற ஷீட்டின் பெயரைச் சொல்லி எச்சரிக்கும்படியும் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஷீட் பெயர், காலி வரி ஆகியவற்றையும் அப்போதே சரிசெய்ய வேண்டும். காசு கொடுத்து எழுதி வாங்கிய மேக்ரோ என்பதால் அதன் கடவுச்சொல்லையும் எங்களிடம் ஒப்படைக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடிந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும். இவற்றோடு, அன்றைய வித்தியாசத்துக்குக் காரணம் மேக்ரோவின் பிழையே என்று எங்கள் முதலாளியின் பெயருக்குத் தங்கள் நிறுவன முகவரித் தாளில் ஒரு கடிதம் வேண்டும். மற்றவை ஒரு வாரம் தாமதித்தாலும் பரவாயில்லை. அந்தக் கடிதம் முதலில் வர வேண்டும். இவை முடியும்வரை இந்த ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்திவைக்க முதலாளி முடிவு செய்திருக்கிறார்.

அச்சிட்ட 19 சீட்டுகளின் நகலையும், பிழை வரும் சோதனைக் கோப்பையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். திருத்துவதற்கு ஆளை நேரில் அனுப்புவதாக இருந்தால், சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் பிற்பகல் 3 மணிக்கு மேல் வரச் சொல்லவும். அதற்கு முன் துணி அளக்கும் வேலை இருக்கும். கணினியை விட்டுத்தர முடியாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணக்கர்.
சோமனூர்.