ஸ்பீக்கர் காசு

பாப்பா,

நேத்து ராத்திரி போன்ல "ஸ்கூலுக்கு ஸ்பீக்கர் வாங்கிட்டியாம்மா, சவுண்டு எப்படி இருக்கு"ன்னு கேட்ட, நான் சிக்னல் சரியா இல்லன்னு சொல்லி வெச்சுட்டேன். சிக்னல் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஸ்பீக்கர் வாங்கல டி. அந்தக் காசு வேற வேலைக்குப் போயிடுச்சு. போன்ல சொன்னா நீ நடுவுல நடுவுல பேசுவ, நான் சொல்ல வந்தது பாதியிலயே நிக்கும், அதான் ஞாயித்துக்கெழமை காலைல உக்காந்து டைப் பண்றேன். அப்பா மீன் வாங்க கடலூர் முதுநகர் போயிருக்கார், அவர் வர்றதுக்குள்ள முடிக்கணும், வந்துட்டா ஆயற வேலை என் தலைல.

நெஜமா வாங்கத்தான் போனேன். மஞ்சக்குப்பத்துல கடை, நீ அனுப்பின 18,000 கைப்பைல, சக்கரம் வெச்ச ஸ்பீக்கர், கூட ரெண்டு மைக், 16,500 வரைக்கும் பேசி எறக்கிட்டேன், பில் போடச் சொல்லப் போற நேரம் அந்தக் கடைத் தம்பி சும்மா இல்லாம "ஈரம் படாத எடமா வைங்க மேடம், தண்ணி பட்டா வாரண்டி கெடையாது"ன்னான். ஈரம் படாத எடம். நம்ம ஸ்கூல்ல அப்படி ஒரு எடம் எங்கன்னு யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணும் தோணல. வீட்ல கேட்டுட்டு வரேன் தம்பின்னு சொல்லி எழுந்து வந்துட்டேன். ஆட்டோல வர்ற வழியெல்லாம் டிசம்பர் மாசம்தான் கண்ணு முன்னாடி.

அப்ப உனக்குப் பாதி தான் சொன்னேன், ஊர் விட்டு ஊர் இருக்குற புள்ளைய எதுக்குப் பயமுறுத்தணும்னு. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறுச்சுல்ல, நம்ம தெருவுல அன்னைக்குப் பெருசா ஒண்ணும் ஆகல. தானே புயல் மாதிரி இருக்கும்னு பயந்துக்கிட்டு இருந்தோம், 2011 டிசம்பர் 30 விடியக்காலம் அப்பா கதவுக்கு முட்டுக் குடுத்து நின்னது ஞாபகம் இருக்கா, அப்படி எதுவும் இல்ல. அப்பாடான்னு தூங்கினோம். ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்தது வெனை, காத்துல இல்ல, ஆத்துல. சாத்தனூர் டேம்ல ராத்திரியோட ராத்திரியா 1,68,000 கனஅடி தொறந்துட்டாங்க, பெண்ணையாறு கரை எது வயல் எதுன்னு பாக்காம வந்துடுச்சு. 

நாலாம் நாள் ஸ்கூலத் தொறந்தா கதவு நகரல, உள்பக்கம் சேறு. ஒரு ஆளு உயரத்துல பாதி வரைக்கும் தண்ணி நின்ன கோடு செவுத்துல நேரா ஸ்கேல் வெச்சு கிழிச்ச மாதிரி. வாசிப்பு இயக்கத்துக்குக் குடுத்த சின்ன சின்ன புக்கு இருக்குல்ல, நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி, அது அத்தனையும் ஊறி அப்பம் மாதிரி உப்பிக் கெடக்கு. நைலான் கயிறு கட்டி துணி காயப்போடற மாதிரி ஒவ்வொண்ணா தொங்க விட்டோம். மத்தியானம் காத்து அடிச்சதுல ரெண்டு மூணு புக்கு கயித்த விட்டுப் போயிடுச்சு, ரெண்டாவது படிக்கிற ஒரு வாண்டு ஓடி வந்து "டீச்சர் டீச்சர், பற பறந்துடுச்சு"ன்னான். சேத்துல நின்னுக்கிட்டு அத்தனை பேரும் சிரிச்சோம், எனக்குக் கண்ல தண்ணி, எதுக்குன்னே தெரியல.

புக்காவது போனா வரும், கவர்மென்ட்ல புதுசா குடுத்துட்டாங்க. சேர்க்கைப் பதிவேடு? அதப் பீரோவோட அடித்தட்டுல வெச்சது நான் தான், கனமா இருக்கேன்னு. நம்ம ஊர்ல பாதிப் பேருக்குப் பொறந்த தேதிக்கு அது தான் சாட்சி. ஒவ்வொரு பக்கமா பிரிச்சு நடுவுல பேப்பர் வெச்சு ஃபேன் காத்துல காய வெச்சேன். பழைய பக்கம் எல்லாம் இங்க் பேனால எழுதினது, பேரும் இல்ல தேதியும் இல்ல, நீலமா ஒரு கறை மட்டும். பின்னாடி வர வர பால்பாயின்ட், அது அப்படியே நிக்குது. உன் பேரு பால்பாயின்ட். அப்பா பேரு கரைஞ்சு போச்சு. அவர்கிட்ட இன்னும் சொல்லல, நீயும் சொல்லாத.

அதான் டி. கடைலேர்ந்து வந்த மறுநாளே கொத்தனாரக் கூப்பிட்டு ஆபீஸ் ரூம்ல கடப்பா கல் போட்டு பரண் கட்டிட்டேன், தரைலேர்ந்து அஞ்சரை அடி. கூலியோட 7,500. இரும்பு ரேக் ரெண்டு, ஒண்ணு 4,200, அதுல கீழ்த்தட்ட எடுத்துட்டு மேல மட்டும் மாட்டச் சொன்னேன், மாட்ட வந்த பையன் என்னைப் பைத்தியக்காரி மாதிரி பாத்தான். ஸ்கூல் மேலாண்மைக் குழு கூட்டத்துல சொல்லி தீர்மான நோட்டுல ஏத்தி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கியாச்சு, பில்லு வாட்ஸப்ல போடறேன், பாத்துக்கோ. 2,100 மீதி இருக்கு.

நீ ஏன் ஸ்பீக்கர்னு குறிப்பா சொன்னன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. நீ மூணாவது படிக்கும்போது ஆண்டு விழால கும்மிப் பாட்டு பாதியில டேப் ரெக்கார்டர்ல நாடா சிக்கிக்கிச்சு, மத்த புள்ளைங்க எல்லாம் மேடைய விட்டு ஓடிடுச்சுங்க, நீ மட்டும் கைய தூக்கின வாக்குல அப்படியே நின்ன, பாட்டு திரும்ப வரும்னு. நான் வந்து எறக்கி விட்டிருக்கலாம். டீச்சர் பொண்ணுக்கு மட்டும் சலுகையான்னு நாலு பேர் பேசுவாங்கன்னு நாற்காலிலயே உக்காந்திருந்தேன். சரி விடு, அது ஒரு காலம்.

இந்த வருஷ ஆண்டு விழா மார்ச் 7 வெள்ளிக்கெழமை வெச்சிருக்கோம். 12-ம் தேதி மாசி மகம் வந்துடுது, தேவனாம்பட்டினத்துக்கு சாமி எல்லாம் தீர்த்தவாரிக்கு வர ஆரம்பிச்சா ஊர்ல ஒரு சனம் இருக்காது, அதனால அதுக்கு முன்னாடியே முடிச்சிடணும். மைக்செட்டுக்கு ஒருத்தர்கிட்ட சொன்னேன், மொதல்ல 3,000ன்னார், ரெண்டு நாள்ல 6,000ன்னார், கேட்டா அன்னைக்குக் கல்யாணம் இருக்காம். போய்யான்னு போன வெச்சுட்டேன்.

அப்பத்தான் நம்ம காலை உணவு சமைக்கிற அம்மாவோட மாமனார், கூத்துக்காரத் தாத்தா, உனக்குத் தெரியும், சின்ன வயசுல பெண் வேஷம் கட்டுவாரே அவரு தான், பேரனுக்கு ஸ்கூல் பை கொண்டாந்து குடுக்க வந்தவர் நான் போன்ல கத்தினதக் கேட்டுட்டு "கூத்துக்கு எதுக்கும்மா மைக்கு? விடிய விடிய நாலு ஊருக்குக் கேக்குற மாதிரி பாடினவன் நானு, உங்க இஸ்கூல் மைதானம் எனக்கு எம்மாத்திரம்"ன்னார். மறுநாள்லேர்ந்து தெனம் மூணே கால் மணிக்கு வந்துடறார். பாரதக் கதை வேணாம், புள்ளைங்க பாத்தத ஆடட்டும்னு சொல்லிட்டார். என்ன கதை தெரியுமா? பெண்ணையாறு வந்த கதை.

என் பழைய பச்சை சுங்கடிப் பொடவைய ரெண்டு பசங்க திரையா புடிக்கிறாங்க. கட்டியங்காரன், அதான் கூத்துல நடுவுல பூந்து கேள்வி கேக்குற கோமாளி, அந்த வேஷம் நாலாவது படிக்கிற பொண்ணு, மீன்காரம்மா பேத்தி, குரல் அப்படியே பாட்டி குரல், அது வாயத் தொறந்தா ரோட்ல போற பஸ்ஸே நிக்கும். பெண்ணையாறு வேஷம் அஞ்சாவது படிக்கிற பையன். ஆம்பளப் பையன் பொடவை கட்டறதான்னு மொதல்ல மொகம் சுளிச்சான், தாத்தா தன்னோட பழைய போட்டோ ஒண்ணக் காட்டினார், அதோட சரி. திரைக்குப் பின்னாடிலேர்ந்து சலங்கை சத்தம் மட்டும் வரும், கட்டியங்காரன் கேப்பா, "யாரது, சொல்லாம கொள்ளாம சபைக்குள்ள வர்றது?" அவன் சொல்லுவான், "நந்தி மலையில பொறந்தேன், கிருஷ்ணகிரி அணையில நின்னேன், சாத்தனூருல படுத்தேன், திருக்கோயிலூரு தாண்டி கடலூருல கடலுக்குப் போறேன், வழி விடு!" உடனே இவ இடுப்புல கைய வெச்சு, "வழியா? உன் வழியில தானம்மா நாங்க வூடு கட்டிக்கினு இருக்கோம்!"

ஒத்திகைலயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. முன் வரிசைல உக்காரப் போற பெரிய மனுஷங்க இந்த வசனத்தக் கேட்டு என்ன மொகம் காட்டுவாங்களோ, வார்டு மெம்பர் வீடே ஆத்துப் பொறம்போக்குக்குப் பக்கத்துல தான். எடுத்துடலாமான்னு தாத்தாவக் கேட்டேன். "கட்டியங்காரன் பேசலன்னா வேற யாரும்மா பேசுவா"ன்னார். இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

இதுல ஒரு பெரிய கணக்குப் பாடமே நடந்துச்சு, அதச் சொல்லியே ஆகணும். அந்த ஆத்துப் பையன் ஒவ்வொரு தடவையும் "ஒரு லட்சத்து அறுபத்தெட்டு கனஅடி"ன்னே சொல்றான், ஆயிரத்த முழுங்கிடறான். எழுதுடான்னா 100068ன்னு எழுதறான். எண்ணும் எழுத்தும் பயிற்சிலயெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்த வித்தை எதுவும் பலிக்கல. அப்புறம் வெள்ளத்தப்போ நிவாரணத்துக்கு வந்த பிஸ்கட் அட்டைப்பொட்டி நெறைய கெடந்துச்சு, பாதிய கிரீடத்துக்கும் புஜக்கட்டைக்கும் வெட்டியாச்சு, மிச்சத்துல நீளம் அகலம் உயரம் எல்லாம் ஒரு அடி வர்ற மாதிரி ஒரு பொட்டி ஒட்டினோம். இது தான் டா ஒரு கனஅடி, 28 லிட்டர் சொச்சம், நம்ம வீட்டுக் கொடத்துல ரெண்டு கொடம்னு வெச்சுக்கோ, இந்த மாதிரி 1,68,000 பொட்டி ஒவ்வொரு செகண்டும் டேம்லேர்ந்து வந்துச்சுன்னேன். பசங்க சத்தமே இல்ல. பையன் தரைல சாக்பீஸ்ல பெருக்கிப் பாத்துட்டு, "மூணு லட்சம் கொடத்துக்கு மேல வருது டீச்சர், ஒண்ணு ரெண்டு சொல்றதுக்குள்ள?"ன்னான். பின்னாடிலேர்ந்து கட்டியங்காரன் குரல், "எங்க தெருக் கொழாயில ரெண்டு நாளைக்கு ஆறு கொடம் தான் டீச்சர் வருது." தாத்தா அத அப்படியே வசனத்துல சேத்துட்டார். அன்னைலேர்ந்து பையனுக்கு ஆயிரம் தப்பல.

மத்ததெல்லாம் வழக்கம் போல. பிப்ரவரி 10-ம் தேதி குடற்புழு மாத்திரை குடுத்தோம், மென்னு முழுங்கச் சொன்னா ஒண்ணு கன்னத்துல அடக்கி வெச்சுக்கிட்டு கொய்யா மரத்தடில துப்பிட்டு வந்துச்சு, திரும்ப ஒண்ணு குடுத்து வாயத் தொறந்து காட்டச் சொன்னேன். தைப்பூசத்துக்கு வடலூர் போகல, கால் வலி. காலைச் சாப்பாடு ஒழுங்கா நடக்குது, புதன்கெழமை பொங்கல் சாம்பார்னா அன்னைக்கு ஒருத்தன் லீவு போட மாட்டான், மழைக்காலத்துல சளின்னு சொன்னவனெல்லாம் கூட எட்டு மணிக்கே தட்டோட வந்து நிப்பான். செவுத்துல இருக்குற அந்த சேத்துக் கோட்ட மட்டும் வெள்ளையடிக்கும்போது விட்டுடுங்கன்னு சொன்னேன். பசங்க அதுல முதுகு வெச்சு நின்னு யாரு ஆத்த விட ஒசரம்னு பாத்துக்குறாங்க. ஒண்ணாவது புள்ளைங்களுக்கு அது நெஞ்சுக்கு வருது.

எனக்கு இப்ப கவலை எல்லாம் சேர்க்கை தான். மொத்தமே 47 பேரு, அதுல அஞ்சாவது முடிச்சு 11 பேரு போயிடுவாங்க. அங்கன்வாடில கேட்டேன், அஞ்சு வயசு முடியறது 9 பேரு தான், அதுல நாலு வீட்டு வாசல்ல இப்பவே மஞ்ச வேன்காரங்க வந்து நோட்டீஸ் குடுத்துட்டாங்களாம். வேன் வந்தாத்தான் ஸ்கூலுன்னு ஆயிடுச்சு ஊருக்கு. நம்மகிட்டயும் இங்கிலீஷ் மீடியம் இருக்கு, சோறு இருக்கு, புக்கு இருக்கு, ஃபீஸ் இல்ல, ஆனா வேன் இல்லையே. போன வருஷம் மார்ச் 1-லேர்ந்தே சேர்க்க ஆரம்பிச்சோம், இந்த வருஷமும் வீடு வீடா போகணும். அந்த ஒம்போது வீட்டுக்கும் ஆண்டு விழாவுக்கு வாங்கன்னு நானே போய் வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடப் போறேன், கூத்தப் பாத்துட்டு அந்தக் குட்டிங்களே அழுது அடம் புடிச்சு வந்துடும்னு ஒரு கணக்கு போட்டு வெச்சிருக்கேன். உங்கப்பா கேட்டா சிரிக்கிறார்.

மீதி 2,100-ல பசங்களுக்கு சலங்கை நாலு ஜோடி வாங்கட்டுமா? உன் காசு, கேக்காம செஞ்சது ஒரு தடவை போதும். ஸ்பீக்கருக்குன்னு திரும்ப அனுப்பாத, அனுப்பினா அடுத்த ரூம்லயும் பரண் கட்டிடுவேன்.

7-ம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு வீடியோ கால் போடுவேன், உனக்கு அங்க ஆறரை ஆகும், மீட்டிங் கீட்டிங் எதுவும் வெச்சுக்காத. நம்ம சத்தம் அங்க சரியா கேக்கலன்னா சொல்லு, அந்தப் பொண்ண இன்னும் கொஞ்சம் கத்தச் சொல்றேன்.

வண்டிச் சத்தம் கேக்குது, அப்பா வந்துட்டார். வஞ்சிரம் வெல ஏறிப் போச்சாம், கானாங்கெளுத்தி தானாம். வெக்கிறேன்.

அம்மா