கண்ணை ஏமாற்றும் படிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரில் அண்மையில் திருத்திக் கட்டிய ஓர் அலுவலகத்துக்கு ஓய்வூதிய அலுவலாகப் பெரியம்மாவை அழைத்துப் போனேன். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது மூன்று படி இருந்த இடத்தில் அவருக்குச் சமதரைதான் தெரிந்திருக்கிறது. விழுந்துவிட்டார். நல்ல காலம், மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. “கண் தெரியாதா ஆச்சி?” என்று அங்கிருந்த ஒருவர் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பெரியம்மா இன்றும் ஊசியில் நூல் கோர்க்கிறவர். பிழை படியில் இருக்கிறது. தரைக்கும் படிக்கும் ஒரே சாம்பல் புள்ளி டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். கீழே நின்று பார்த்தால் ஒவ்வொரு படியின் முன்பக்கமும் நிழலாகத் தெரிகிறது. மேலே நின்றால் அந்தப் பக்கம் மறைந்து, மிதிக்கும் பரப்புகள் எல்லாம் ஒட்டி, விரித்த பாய்போல ஆகிவிடுகின்றன.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு சிற்றுண்டிக் கடையின் சுவரில் கறுப்பு வெள்ளை ஓடுகள் நேர் வரிசையாகவே பதிக்கப்பட்டிருக்கின்றன. பார்ப்பவருக்கோ வரிசைகள் சரிந்து தெரியும். உளவியல் ஆய்வாளர்களான ரிச்சர்ட் கிரெகரியும் பிரிசில்லா ஹேர்டும் 1979இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். சுவரில் யாரும் கால் வைப்பதில்லை என்பதால் அதை ரசிக்கலாம்.

படி விளிம்புகளில் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் கோடு அடிக்கும்படி கேட்டேன். சிறிய பெயின்ட் தகரம் ஒன்று போதும். “கட்டடத்தின் அழகு கெட்டுவிடும்” என்றார்கள். மூன்று கிழமையாகிறது, படிகள் அப்படியே இருக்கின்றன.

சித்திர ஆசிரியர் ஒருவர்,
கல்லடி.