தறையாணிக்கும் அளவு உண்டு

ஆசிரியருக்கு,

வன்னியில் பஸ், லொறி உடல்களுக்கு அலுமினியத் தகடு பொருத்தும் கராஜ்கள், வீட்டிலேயே சிறு விமானம் கட்டுவோர் தறையாணிக்கு (தகடுகளை இணைக்க அடிக்கும் ரிவெட்) கடைப்பிடிக்கும் அளவுகளைக் கட்டாயம் கைக்கொள்ள வேண்டும்.

3.2 மில்லிமீற்றர் ஆணிக்குத் துளை 3.3ஐத் தாண்டக்கூடாது. துளையின் நடுவிலிருந்து தகட்டின் விளிம்புக்குக் குறைந்தது 6.4 விடவேண்டும், விடாவிட்டால் விளிம்பு கிழியும். தகடுகளின் மொத்தத் தடிப்புக்கு வெளியே ஆணி 4.8 நீண்டிருந்தால் போதும். நீளம் கூடினால் அடிக்கும்போது சரிந்து மடியும். அடிக்கும்போது மறுமுனையில் உருவாகும் தலை 4.8 அகலம், 1.6 உயரம். அதற்குமேல் தட்டையாக்கினால் ஓரம் வெடிக்கும்.

நம் இடங்களில் அதிகம் தவறுவது பிசிறு, அதாவது துளையின் ஓரத்தில் எழும் கூரான உலோக விளிம்பு. துளைத்தபின் தகடுகளைப் பிரித்து, இரு பக்கமும் பிசிறு சீவாமல் அடித்தால், ஆணி இடைவெளிக்குள் பருத்துவிடும். தகடுகள் பிறகு ஒருபோதும் ஒட்டா. ஓடும் வண்டியில் ஆணித்தலையைச் சுற்றிக் கரும்புகைபோல் ஒரு கறை படிந்திருக்கும். பலர் அதை ஊத்தையென்று துடைத்துவிடுகிறார்கள். அது தளர்ந்த ஆணி உரசி உதிர்த்த அலுமினியத் தூள்.

அத்தகைய ஆணியை மேலும் அடித்து இறுக்கவேண்டாம். ஆணியோடு வந்த தலையின் நடுவில், அந்தத் தலையின் ஆழத்துக்கு மட்டும் துளைத்து, தலையை உடைத்து, தண்டைத் தட்டி வெளியேற்றுங்கள். துளை பெருத்திருந்தால் 4 மில்லிமீற்றர் ஆணிக்கு மாறுங்கள், விளிம்புத் தூரம் 8 இருந்தால் மட்டும்.

தகட்டு வேலையாளர்கள்,
வவுனியா