சாவிக்கொத்துக்குக் கண் வரைந்தால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், கற்பனை ஜந்துக்களைப் பிடித்து வளர்க்கும் போக்கிமான் என்ற ஜப்பானிய வீடியோ விளையாட்டைப் பற்றி வந்த கட்டுரையைப் புதன்கிழமைதான் படித்தேன். ஏன் புதன்கிழமை என்பதை அப்புறம் சொல்கிறேன். "சாவிக்கொத்துக்கும் குப்பைப் பைக்கும் கண் வரைந்து புது ஜந்து என்கிறார்கள், கற்பனை வறண்டுவிட்டது" என்று உங்கள் கட்டுரையாளர் தீர்ப்பே எழுதிவிட்டார். 70 வயதுக் கிழவனுக்கு இதில் என்ன கோபம் என்று நீங்கள் சிரிக்கலாம். 31 வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் நான். கோபம் வரத்தான் செய்யும்.

தாங்கள் அறியாததா? 1996இல் 151 ஜந்துக்களோடு ஆரம்பித்தபோதே பந்துக்குக் கண் வைத்த வோல்டார்ப் இருந்தது. காந்தத்தில் திருகாணி முடுக்கிய மேக்னமைட்டும் இருந்தது. இன்று எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. வறண்ட கிணற்றில் இவ்வளவு தண்ணீர் வருமா?

போன லீவுக்கு வந்த என் பேரன், நான் டீ குடித்து முடித்த கோப்பையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தான்.

"என்னடா?"

"முத்திரை இருக்கானு பாக்கறேன் அப்புச்சி. இருந்தா ஒரிஜினல், இல்லாட்டி டூப்ளிகேட்."

2019இல் வந்த ஸ்வோர்ட், ஷீல்ட் என்ற போக்கிமான் ஆட்டங்களில் சினிஸ்டீ என்று ஒரு பேய், தேநீர்க் கோப்பைக்குள் குடியிருக்கிறதாம். பெரும்பாலும் போலி, அடியில் முத்திரை உள்ளது அபூர்வமாம். பழம்பொருள் வியாபாரத்தின் தில்லுமுல்லு முழுவதையும் ஒரு கோப்பையின் அடியில் வைத்தவனுக்கா கற்பனை வறட்சி? என் கோப்பையின் அடியில் பாத்திரக்கடை விலைச்சீட்டு பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பையன் அதையே வால் ஆக்கி ஒரு ஜந்து வரைந்து கொடுத்தான்.

மதுரைக் கோயில் தூணில் சிங்க முகத்துக்குத் துதிக்கை வைத்தால் யாளி, சிற்பக்கலை. ஜப்பான்காரன் சாவிக்கொத்துக்கு முகம் வைத்தால் வறட்சி. சரி.

வல்பிக்ஸ் என்ற நெருப்பு நரி, 2016இல் வந்த ஆட்டத்தில் அலோலா என்ற கற்பனைத் தீவுகளில் பனி நரியாக இருக்கிறது. மண்ணுக்கு ஏற்ற உடம்பு. இதைக் கட்டுரையாளர் "பழைய சரக்குக்கு வர்ணம் பூசிய கலப்படம்" என்கிறார். அந்தச் சொல்லில்தான் என் பழைய புண் திறந்துகொண்டது. சில வருடங்களுக்கு முன் கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பேச்சையும் உங்கள் பத்திரிகை "கலப்படத் தமிழ்" என்றே எழுதியது. மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுகூட அச்சில் வரவில்லை. எல்லையில் இருக்கும் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் தமிழ் கெட்டுப்போகும் போலிருக்கிறது. இங்கே கேரளத்தில் எங்களைப் பாண்டிக்காரர், அதாவது தமிழ்நாட்டுக்காரர் என்கிறார்கள், அங்கே மலையாளத்தார் என்கிறீர்கள். உங்கள் பத்திரிகையில் மழைகூடப் பொள்ளாச்சி வரைதான் பெய்கிறது. எங்கள் ஊரில் பெய்ததாக ஒருநாளும் செய்தி இல்லை.

போகட்டும். இந்தக் கடிதத்தைப் போடாவிட்டாலும் பரவாயில்லை. பொள்ளாச்சி பஸ்ஸில் வரும் பத்திரிகைக் கட்டோடு ஞாயிறு இணைப்பையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். இப்போது உறவுக்காரர் ஒருவர் அந்தப் பக்கத்திலிருந்து புதன்கிழமை வரும்போது கொண்டுவருவதைத்தான் படிக்கிறேன். அதிலும் குறுக்கெழுத்தை அவரே போட்டு முடித்துவிடுகிறார், பாதி தப்பாக.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.