ஓரத்தில் நீ போட்ட கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியமா? அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. இங்கே மினியாபோலிசில் பனி கொட்ட ஆரம்பிச்சாச்சு. ரெண்டு ஞாயிறா போன் அடிச்சேன், நீ எடுக்கலை. வேலையா இருந்திருப்பே. நேரத்துக்குச் சாப்பிடு.

நேத்து உன் அலமாரியில் 2023 சீசன் நோட்டு கிடைச்சுது. அமெரிக்கன் ஃபுட்பாலில் நம்ம ஊர் வைகிங்ஸ் டீமுக்குப் பந்து பிடிக்கிற ஜெஃபர்சனோட பக்கம். 68 கேட்ச், பந்தைப் பிடிச்சு முன்னேறினது 1,074 யார்டு, 5 டச் டவுன். பக்கத்திலேயே அந்த வருஷம் யார்டில் முதலிடத்து வேற டீம் ஆட்டக்காரர் டைரீக் ஹில், 1,799. முந்தின வருஷம் 1,809 யார்டு எடுத்து லீக்குக்கே முதலா நின்ன பையன் ஜெஃபர்சன். "இந்த வருஷம் போச்சு"ன்னு நான்தான் சொன்னேன். நீ பேனாவை வாங்கி ஓரத்தில் வகுத்தே. அக்டோபரில் ஹாம்ஸ்ட்ரிங், அதாவது பின்தொடைத் தசை, பிடிச்சு ஏழு மேட்ச் வெளியே இருந்தார், ஆடினது பத்துதான், அப்போ மேட்சுக்கு 107.4 யார்டு. ஹில் 16 மேட்சில் 112.4. இன்னொரு டீமோட சீடீ லாம் 17 மேட்சும் ஆடி 1,749 எடுத்தும் 102.9தான். "இப்போ பாருங்கப்பா, இவர் ரெண்டாவது"ன்னே. அன்னைக்கு எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துதுன்னு உன்கிட்ட சொல்லலை.

ஜெஃபர்சன் திரும்பி வந்த அன்னைக்கே லாஸ் வேகஸில் நெஞ்சில் அடி, ஆஸ்பத்திரி. அவருக்குப் பந்து எறியற கர்க் கசின்ஸும் இல்லை, குதிகால் தசைநாண் அறுந்து ஆட்டத்துக்கு வெளியே. அப்படியும் கடைசி மேட்சில் டெட்ராய்ட்டில் 12 கேட்ச், 192 யார்டு. நீ சோபா மேலே ஏறி நின்னே.

நீ வீடு மாத்திட்டேன்னு அத்தை சொன்னா. எதுக்குன்னு நான் கேட்கலை. ஆனா அத்தைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே, தம்பி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ராத்திரி ரொம்ப நேரம் முழிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

நீ டென்த் கிரேடில் நிமோனியா வந்து ஆறு வாரம் படுத்திருந்தே. அந்த ரிப்போர்ட் கார்டை வெச்சுகிட்டு பெரியப்பா பையனோட மார்க்கை ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டினேன். எத்தனை நாள் ஸ்கூலுக்குப் போக முடிஞ்சுதுன்னு நான் கணக்குப் பார்க்கலை. நீயும் வகுத்துக் காட்டலை. ஸ்வெட்டரை இழுத்துப் பிடிச்சுகிட்டு நின்னே. உனக்கு அன்னைக்கும் இருமல் நிக்கலை. கடைசியில் அம்மாதான் கார்டில் கையெழுத்துப் போட்டா. நான் செஞ்சது தப்பு. இத்தனை வருஷமா அதை உன்கிட்ட சொல்ல வாய் வரலை.

மாடி ரூம் ஹீட்டரைச் சரி பண்ணியாச்சு. பருப்புப்பொடி அனுப்பணும், புது அட்ரஸ் அம்மாவுக்கு மெசேஜ் போடு. எனக்குப் போட்டாலும் சரி.

அப்பா