மூன்று புள்ளியைத் தொடும் முன்

செல்போன் கடைகளில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். டெம்பர்டு கிளாஸ் ஒட்ட, ரீசார்ஜ் செய்ய என்று வருகிற பெரியவர்கள் கிளம்பும்போது போனை நீட்டி, "இந்த ஆப் ஓடவே மாட்டேங்குது, கொஞ்சம் பாருப்பா" என்பார்கள். நீங்களும் இரண்டு நிமிடத்தில் சரிசெய்து கொடுப்பீர்கள், காசுகூட வாங்க மாட்டீர்கள். அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஏபிகே ஃபைல், அதாவது பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை நிறுவும் ஃபைல், வந்தது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்ததால் நிறுவிவிட்டார். அது அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்டது, போன் தர மறுத்தது. பக்கத்துக் கடைக்கு எடுத்துப்போனார். கடைப் பையன் ஆப் இன்ஃபோவுக்குள் போய், மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, 'அலவ் ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்ஸ்' என்ற வரியை அழுத்தி, சுவிட்சையும் போட்டுக் கொடுத்தான். மறுநாள் டீச்சரின் பென்ஷன் பணம் கணக்கில் இல்லை. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உதவி என்று நினைத்துத்தான் செய்தான்.

போன் காரணத்தோடுதான் மறுக்கிறது. திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டவும், விரலை அசைக்க முடியாதவர்களுக்காகப் பட்டனை அழுத்தவும் வந்த வசதிதான் அக்சஸிபிலிட்டி. இதே அனுமதி திருட்டு ஆப்பின் கைக்குப் போனால் ஓடிபியைப் படிக்கும், மற்ற பெர்மிஷன்களுக்குத் தானே சம்மதம் அழுத்திக்கொள்ளும், அதை அழிக்கப் போனால் அந்தப் பக்கத்தையே மூடிவிடும். அதனால்தான் 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், வாட்ஸ்அப்பிலும் பிரவுசரிலும் இறக்கிய ஏபிகேக்களுக்கு இந்தப் பூட்டு.

அதற்காக யாருக்குமே திறந்து தராதீர்கள் என்று சொல்லமாட்டேன். பார்வையற்ற நண்பர் ஒருவர் பிளே ஸ்டோரில் இல்லாத ஸ்கிரீன் ரீடர் ஒன்றைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறார். புதுப் போன் வாங்கியதும் அதை ஓடவைக்க இரண்டு கடை ஏறி இறங்கினார். ஒருமுறை சுவிட்சைப் போட முயன்று போன் மறுத்த பிறகுதான் அந்த மூன்று புள்ளிக்குள் அனுமதிக்கும் வரியே தென்படும். இது இரண்டு கடையிலும் யாருக்கும் தெரியவில்லை. அவரைப் போன்றவர் வந்தால் தயங்காமல் செய்து கொடுங்கள்.

மற்றவர்களிடம் கேளுங்கள்: யார் அனுப்பினார்கள், எதற்கு இந்த ஆப்? கல்யாணப் பத்திரிகைக்கும் டிராஃபிக் சலானுக்கும் திரையைப் படிக்கும் வேலை என்ன? சரியான பதில் வராவிட்டால் அங்கேயே அழித்துவிடுங்கள். ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் முதலில் நெட்டை அணையுங்கள், அப்புறம் அனுமதியை நீக்கிவிட்டு ஆப்பை அழியுங்கள். அழிய மறுத்தால், நாமாக நிறுவிய ஆப்கள் ஓடாத சேஃப் மோடில் போய்ப் பாருங்கள். பணம் போயிருந்தால் வேறு போனிலிருந்து உடனே வங்கிக்கும், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கும் பேசவையுங்கள். டீச்சருக்கு அந்த எண் தெரிய மூன்று நாள் ஆனது. உங்கள் கடை மேசையில், வருகிறவர் கண்ணில் படும்படி அதை எழுதி ஒட்டி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடை வாடிக்கையாளர் ஒருவர்