காதல் கதைக்கும் பஞ்சாங்கம் வேண்டும்: மாவட்ட நூலகத்துக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கும், பத்மநாபபுரம் அரண்மனையைப் பராமரித்து வரும் கேரளத் தொல்லியல் துறையினருக்கும்,

வணக்கம்.

குமரி மண்ணைக் களமாக வைத்து வரலாற்றுக் காதல் புதினங்கள் எழுதுகிறவர்கள் நாங்கள். கேட்பது இரண்டு. நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் திருவிதாங்கூர்க் கால ஆதாரங்களுக்கென ஓர் அறை. அரண்மனையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அந்தி நேரத்தில், மின்விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம்.

காதல் கதைக்கு இத்தனை ஆதாரம் எதற்கு என்ற கேள்வி உடனே வரும். போரை எழுதுகிறவர் 'படைகள் மோதின' என்று ஒரே வரியில் தாண்டிவிடலாம். இரண்டு பேரை ஓர் இரவில் ஒரு குளக்கரையில் சந்திக்க வைக்கிறவருக்கு அந்த வசதி இல்லை. அன்று நிலா எத்தனை மணிக்கு எழுந்தது, வயலில் பயிர் எந்த அளவு, ஆற்றைக் கடக்க முடியுமா, அவள் வீட்டில் யார் சொல் செல்லும், அவனுக்குக் குடை பிடிக்க அனுமதி உண்டா என்பது வரை தெரிந்தாக வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் காட்சி நிற்காது.

நிலாவிலேயே தொடங்கலாம், தொடர்கதைகளில் அதிகம் தவறுவது அதுதான். மூன்றாம் பிறை மேற்கில் தெரிந்து, சூரியன் மறைந்த இரண்டு மணி நேரத்துக்குள் தானும் மறைந்துவிடும். வளர்பிறை அஷ்டமி நிலா நண்பகலில் எழுந்து நள்ளிரவில் போகும். பௌர்ணமி நிலா சூரியன் விழும்போது எழும். கிழக்கிலும் மேற்கிலும் கடல் தெரிவதால் சித்ரா பௌர்ணமிக்குக் குமரி முனையில் அவ்வளவு கூட்டம். பௌர்ணமிக்குப் பிறகு நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், பிந்தி எழும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் தேய்பிறை அஷ்டமியில் நள்ளிரவு வரை இருட்டுதான். ஆனால் 'தேய்பிறை நிலவொளியில் மாலை வேளை அவள் முகம்' என்று அத்தியாயம் முடிகிறது. அதுவும் ஆடி மாதத்தில், தென்மேற்குப் பருவமழை மேகத்துக்கு நடுவே!

தேதி அடுத்த சிக்கல். இந்த மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. பழைய ஆவணங்கள் எல்லாம் மலையாள நாட்டு ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டில் இருக்கும். இங்கே ஆண்டு பிறப்பது ஆவணி 1. ஆவணி முதல் டிசம்பர் முடிவு வரை கொல்லம் ஆண்டுடன் 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி முதல் ஆடி முடிவு வரை 825-ஐக் கூட்ட வேண்டும். டச்சுக்காரரைத் திருவிதாங்கூர் வென்ற குளச்சல் போர் நடந்த 1741 ஆகஸ்ட் 10 கொல்லம் 916-இன் ஆடிக் கடைசி. இன்னும் சில நாள் தள்ளி நடந்திருந்தால் 917. எப்போதும் 825-ஐக் கூட்டுகிறவர் மார்கழித் திருவிழாவில் ஒரு வருடம் முன்னே போய்விடுவார். அந்தக் கணக்கில் நாயகி பிறப்பதற்கு முன்பே அவளுக்குப் பெண் பார்க்க வந்துவிடுவார்கள். இன்னொரு பொறி: 1752 செப்டம்பருக்கு முன் அஞ்சுதெங்கிலிருந்து ஆங்கிலேயர் எழுதிய கடிதங்கள் பழைய நாட்காட்டியில் உள்ளவை. அதே காலத்து டச்சுக் கடிதத் தேதிக்கு 11 நாள் பின்தங்கியிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கிறவர், கடிதம் எழுதப்படும் முன்பே பதில் வந்துவிட்டதென்று நினைத்துக் குழம்புவார்.

அறுவடைக் காட்சி வைக்காத காதல் கதை அபூர்வம். தஞ்சாவூர்க் கதைகளைப் படித்துப் பழகியவர்கள் அதைத் தையில் வைக்கிறார்கள். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். முதலாவது புரட்டாசியை ஒட்டி அறுவடையாகும், இரண்டாவது மாசியை ஒட்டி. தையில் தோவாளை வயல்களில் அரிவாளோடு நாயகியை நிறுத்தினால் அவள் பச்சைப் பயிரைத்தான் அறுக்க வேண்டும்.

இனி குடும்பம். வெளியூர் எழுத்தாளர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். குமரிக்கே உரிய காதல் சிக்கல் இருப்பதும் இங்கேதான். அரச குடும்பத்திலும் நாயர் குடும்பங்களிலும் நாஞ்சில் நாட்டு வெள்ளாளரிடமும் நடந்தது மருமக்கள்வழி. சொத்து மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். ஆகவே காதலுக்குக் குறுக்கே நிற்கிறவர் பெண்ணின் அப்பா அல்ல, காரணவர், அதாவது தாய்மாமன். 'என் தகப்பன் சொத்து முழுக்க உனக்குத்தான்' என்று ஒரு நாஞ்சில் வெள்ளாள நாயகன் 1740-இல் வாக்குக் கொடுத்தால் அது பொய் வாக்கு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உகந்துடைமை என்று ஒரு பங்கு உண்டு. அதை வாங்குவதற்குள் என்ன பாடு என்பதில்தான் கதை இருக்கிறது. கவிமணியின் மருமக்கள்வழி மான்மியத்தில் பேசுகிறவள் காரணவரின் ஐந்தாம் மனைவி என்பதை நினைத்துப் பாருங்கள். 1926-இல் சட்டம் வந்துதான் நாஞ்சில் வெள்ளாளர் இந்த முறையிலிருந்து வெளியே வந்தார்கள். அரியணைக்கும் இதே விதி. மன்னர் ராமவர்மாவின் மகன்களான தம்பிமார், அவருடைய சகோதரி மகன் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றதை வில்லுப்பாட்டு தோற்றவர்கள் பக்கம் நின்று பாடுகிறது. ஒரு மன்னன் காதலித்து மணந்த பெண்ணின் பிள்ளைகள் அரசாள முடியாது என்பதைவிடப் பெரிய கதைமுடிச்சை யாரும் கற்பனை செய்து போட வேண்டியதில்லை. அப்படியிருந்தும் தொடர்களில் மகன்தான் இளவரசன்.

உடையில் எங்கள் கருத்து கடுமையானது. நாயகி எந்தச் சாதி, எந்த ஆண்டு என்று முடிவு செய்யாமல் அவளுக்கு ரவிக்கை போடாதீர்கள், அட்டை ஓவியருக்கும் இதைச் சொல்லுங்கள். நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1859 ஜூலை 26 அரசாணையால்தான் அந்த உரிமையைப் பெற்றார்கள். அப்போதும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் அதே முறையில் உடுத்தத் தடை இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் குடை பிடிக்கவும் செருப்பு போடவும் பொன் நகை அணியவும் தடை இருந்ததை 19-ஆம் நூற்றாண்டு மிஷனரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். மழையில் அவளுக்கு அவன் குடை பிடிக்கிறான் என்பது மற்ற ஊர்க் கதையில் இனிப்பான ஒரு பத்தி. இங்கே, அவன் யார் என்பதைப் பொறுத்து, அது குற்றம். அதை அலங்காரமாக எழுதிவிட்டுப் போகிறவர்மேல் எங்களுக்கு மரியாதை இல்லை.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 19-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். வெள்ளிச் சக்கரம் மிகச் சிறிய நாணயம், விரலில் நிற்காது. குழிகள் போட்ட மரப்பலகையில் பரப்பி ஒரேயடியாக எண்ணுவார்கள். பொற்காசு மூட்டையை வீசியெறிகிற நாயகனைவிட, அந்தப் பலகையைச் சாய்த்து எண்ணுகிற கணக்கனையே எங்களுக்குப் பிடிக்கும். சாப்பாட்டில் ஒன்றே ஒன்று: மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, சாதாரண மக்களின் உணவாகப் பரவியது 1880-களில் மன்னர் விசாகம் திருநாள் காலத்தில். 1741-இல் மரச்சீனியும் மீன்கறியும் வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். ரப்பர் தோட்டத்துக்கு 20-ஆம் நூற்றாண்டு வரவேண்டும். நாகர்கோவில் லேஸ் மிஷனரிப் பெண்கள் தொடங்கி வைத்த தொழில், அதற்கு 1820-கள்.

ரசனை என்று கேட்டால்: இளவரசிகள் போதும். மயிலாடியில் கல் கொத்துகிறவர், கோயில் கணக்குப் பிள்ளை, புத்தன் அணையில் மடை திறக்கிறவர், உதயகிரிக் கோட்டையில் டச்சுத் தளபதி டிலனாயின் கீழ் பயிற்சி பெறும் சிப்பாய் ஆகியோருக்கும் காதல் வரும். கடத்திக்கொண்டு போய்க் கல்யாணம் செய்வதைக் காதல் என்று எழுதுவது எங்களுக்கு ஒவ்வாது. பேய் வருவதில் ஆட்சேபம் இல்லை. கள்ளியங்காட்டு நீலி என்ற பேய்க்கதை பிறந்த ஊர்ப்பக்கம் அதைத் தடுக்கவும் முடியாது.

வேலை முறையையும் சொன்னால்தான் அறை எதற்கென்று விளங்கும். வாரத் தொடருக்கு அத்தியாயம் 1,200 முதல் 1,500 சொல். 40 அத்தியாயத்தில் கதை முடியும். முதல் சொல் எழுதும் முன் ஒரு நீள அட்டவணை போட வேண்டும். கொல்லம் தேதி, திதி, நிலா எழும் நேரம், மழை, பயிர், யார் எந்த ஊரில், யாருக்கு எந்த ரகசியம் தெரியும் என்று ஏழு கட்டம். ஆறாவது கட்டம்தான் படுத்தும். பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல். பல்லக்கு தூக்குவோர் நடை மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் என்று வைத்தால் நிற்காமல் நடந்தாலும் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. நடுவே குழித்துறை ஆறும் நெய்யாறும் உண்டு. மழைக்காலத்தில் கடவில் ஓர் இரவு தங்கத்தான் வேண்டும். அந்த ஓர் இரவைக் கணக்கில் விட்டால் 12-ஆம் அத்தியாயத்தில் அனுப்பிய ஓலை 13-இல் தவறான ஆளிடம் சேர வழியே இருக்காது. ஏழாவது கட்டத்தை அத்தியாயம் தோறும் திருத்த வேண்டும். திருத்தாதவரின் நாயகி, தனக்கு யாரும் சொல்லாத செய்தியைக் கேட்டு 25-ஆம் அத்தியாயத்தில் அழுவாள்.

ஆகவே, நூலக அலுவலர் அவர்களே, அறை பெரிதாக வேண்டாம். இரண்டு நீள மேசை, ஒரு ஸ்கேனர், பூட்டிய இரண்டு அலமாரி. அதில் நாகம் அய்யாவின் 1906 திருவிதாங்கூர் அரசுக் கையேடு, வேலுப்பிள்ளையின் 1940 கையேடு, திருவிதாங்கூர் தொல்லியல் வரிசைத் தொகுதிகள், சுசீந்திரம் கோயில் பற்றிய கே.கே. பிள்ளையின் ஆய்வு ஆகியவை ஒரே இடத்தில், வெளியே எடுத்துப்போக முடியாத பிரதிகளாக இருக்க வேண்டும். அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளின் அச்சுப் படிகள் வேண்டும். நிலக் குத்தகையும் வரியும் ஆளை விற்ற கதையும் அவற்றில் தமிழிலேயே இருக்கின்றன. பத்மநாபசுவாமி கோயில் ஆவணங்களான மதிலகம் ஓலைகள் திருவனந்தபுரத்தில் கேரள ஆவணக் காப்பகத்தில் லட்சக்கணக்கில் உள்ளன. நாஞ்சில் நாட்டைப் பற்றிய பகுதிகளின் மின்படிகளை நூலகத் துறை எழுத்துமூலம் கேட்டுப் பெறலாம். தனியாள் போய்க் கேட்பதைவிட அது எளிது. மூல ஓலை எதுவும் இங்கே வர வேண்டியதில்லை, இந்த ஈரக்காற்றில் பூச்சிக்குத்தான் கொண்டாட்டம். ஞாயிற்றுக்கிழமை அறை திறந்திருப்பது முக்கியம். எழுதுகிறவர்களில் பாதிப்பேர் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வீட்டு வேலையும் பார்க்கிற பெண்கள்.

அரண்மனைத் துறையினருக்கு: திங்கள்கிழமை உங்கள் விடுமுறை, அதைக் கேட்கவில்லை. வேறொரு நாளில் பார்வையாளர் போன பிறகு பதினைந்து பேரை உள்ளே விட்டால் போதும். ஒரு திரி எண்ணெய் விளக்கின் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு மெழுகுவர்த்திதான். அந்த வெளிச்சத்தில் நவராத்திரி மண்டபத்தின் கருந்தரை எவ்வளவு தூரம் மின்னும், மந்திரசாலையின் ஜன்னல் வழியே அந்தி எந்த நிறத்தில் வரும், பூமுகத்துக் குதிரை விளக்கின் நிழல் எங்கே விழும், உப்பரிகை மாளிகைப் படியில் காலடிச் சத்தம் கீழே கேட்குமா என்பதையெல்லாம் பகலில் டிக்கெட் வாங்கி வரிசையில் நகர்ந்து அறிய முடியாது. பெரும்பகுதி மரத்தால் ஆன கட்டடம். தீ கொண்டுவர மாட்டோம். மஞ்சள் ஒளி தரும் மின்கல விளக்கு நான்கு போதும், அவற்றை நாங்களே வாங்கித் தருகிறோம். செருப்பு, பை, கேமரா எதுவும் உள்ளே வராது. உங்கள் காவலர் ஒருவர் கூட வரட்டும். எந்தப் படி முனகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

பதிலுக்கு நாங்கள் தருவது: கொல்லம் 875 முதல் 1075 வரை ஒவ்வொரு மாதப் பிறப்புக்கும் ஆங்கிலத் தேதி காட்டும் அட்டவணை, தாலுகா வாரியாகப் பழைய வழித்தடங்களும் ஆற்றுக்கடவுகளும் குறித்த வரைபடம், நாணயக் கணக்கு அட்டை. மூன்றும் தட்டச்சாகித் தயாராக உள்ளன. அறைக்கு இடம் ஒதுக்கிய அன்றே ஒப்படைக்கிறோம்.

இப்படிக்கு,
குமரி மாவட்ட வரலாற்றுக் காதல் புதின எழுத்தாளர்கள் சிலர்
நாகர்கோவில்